அவள் வரும்வரை

என் உயரமும் அவள் உயரமும் ஒன்று.
அதுதான் என் தகுதி, வேறில்லை.
ழுவான்வீல் படப்பிடிப்புக் கூடத்தில்
தரையில் சுண்ணக்கட்டியால் கிழித்த
பெருக்கல் குறியின் மேல் போய் நிற்பேன்.
ஏணி உச்சியிலிருந்து விளக்குக்கார கஸ்தோன் கத்துவான்:
மூக்கு இடப்பக்கம். இன்னும். இன்னும் ஒரு மயிரிழை.
ஆங், அப்படியே செத்துப் போ.
நாற்பது நிமிடம் செத்துக் கிடப்பேன், நின்றபடி.
பிறகு எலியெத் கொர்வோ வருவாள்.
நான் சூடேற்றி வைத்த வெளிச்சத்தில்
வெந்நீர்த் தொட்டியில் இறங்குகிறவள்போல
ஒவ்வொரு காலாக இறங்குவாள்.

பேசும்படம் வந்தபோது
அவளுடைய 'ர' தகராறு செய்தது.
ஒவேர்ஞ் மலை 'ர', வண்டிச்சக்கரம்போல் உருளும்.
பாரிஸ் சிரித்தது.
பல்லிடுக்கில் பாட்டில் தக்கையைக் கடித்துக்கொண்டு
ரயில் கால அட்டவணையை உரக்கப் படித்தாள்,
கிளெர்மோன் வழியாகப் போகும் அத்தனை வண்டிகளையும்.
ஆறே மாதம். 'ர' மழுங்கிவிட்டது.
நான்காம் படத்தில் மலைக்காரி வேடம்.
இயக்குநருக்குப் பழைய 'ர' வேண்டும்.
போனது வருமா?
தெருமுனைக் கரிக்கடைக்காரர் அவளுக்குப் பக்கத்து ஊர்.
ஐந்து கிலோ கரி கேட்பாள், அவர் பேசுவதைக்
கேட்டுக்கொண்டே நிற்பாள், மறுபடி ஐந்து கிலோ.
அந்தக் குளிர்காலம் முழுக்க
என் அறை அடுப்பு அணையவே இல்லை.

அந்தப் படம் அவளைச் சாக்லேட் டப்பா மூடிக்குக் கொண்டுபோனது.
இடது கண்ணிலிருந்து மட்டும் ஒரு சொட்டு விடுவாள்.
எப்படி, எப்படி என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின.
வலப்பக்கம் இருட்டு,
அங்கே அழுது என்ன லாபம் என்றாள் என்னிடம்.

கதாநாயகனுக்கும் நிற்கிற ஆள் ஒருவன் இருந்தான்,
மார்ஸ்லான், பூண்டு மணக்கும்.
முத்தத்துக்கு ஒரு சாண் முன்னால் எங்களை நிறுத்துவார்கள்,
மூக்கு நிழல்கள் முட்டாமல் பார்க்க.
ஏழு படம், அதே ஒரு சாண்.
நாற்பதில் படைக்குப் போனவன்
திரும்பவில்லை.

ஜெர்மன்காரன் கம்பெனி நடத்திய வருடங்களில்
இரண்டு படம் ஒப்புக்கொண்டாள்.
வெண்ணெய் இல்லை, கரி இல்லை,
கூடத்துக்குள் மட்டும் வெளிச்சம் இருந்தது.
யாரோடு சாப்பிட்டாய், எத்தனை தடவை என்று
பிற்பாடு ஒரு மேசைக்குப் பின்னாலிருந்து மூன்று பேர் கேட்டார்கள்.
பதினோரு மாதத் தடை.
என்னை யாரும் கேட்கவில்லை.
நான் நின்றதும் அதே மின்சாரத்தில்தான்.
அந்தப் பதினோரு மாதம்
வேறொருத்தியின் குறிமேல் நின்றேன்.
இரண்டு விரற்கடை குட்டை அவள்,
முழங்காலை மடக்கியே நின்றேன்.
எலியெத் திரும்பி வந்த காலை
என் நடையைப் பார்த்தாள்.
முழங்கால் வலிக்கிறதா, என்றாள். அவ்வளவுதான்.

பிறகு அம்மா வேடங்கள்.
தன்னைவிட நான்கே வயது இளையவனுக்கு அம்மா.
பிறகு கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு
பையன்கள் தெருவுக்கு வந்தார்கள்.
சூரியனுக்கு ஆளை நிறுத்திப் பார்க்க வேண்டியதில்லை.
அவர்களில் ஒருவன் அவளைக் கூப்பிட்டான்,
வாயிற்காவல் கிழவியாக, ஒரு நாள், நான்கு வரி.
என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.
மேகம் விலகக் காத்திருந்த நேரத்தில்
நீ போய் நில், என்றாள். நான் பார்த்ததே இல்லையே.
இருபத்தாறு வருடம். உண்மைதான்,
அவள் வரும்போது நான் விலகியிருப்பேன்.
வாசற்படியில் போய் நின்றேன்.
எதிர்ச்சாரியில் காய்கறிப் பையோடு நின்று பார்த்தாள்.
என்ன பார்த்தாள் என்று சொல்லவில்லை.
பையன் கத்தினான்: மதாம், வெயில் வந்துவிட்டது!

மாந்தோனில் இறந்தாள்.
பத்திரிகைகள் வயதில் மூன்றைக் குறைத்துப் போட்டன,
அந்தப் பொய்யைத் தொடங்கியவளே அவள்தான்.
தங்கை மகன் சாம்பல் நிறப் பட்டுடையை எடுத்து வந்தான்.
கீழ்விளிம்பு தொங்கியது.
முதுமை எங்கள் இருவரையும்
ஒரே அளவு குறுக்கியிருந்தது.
குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு தையற்காரி
நேராக நில்லுங்கள், என்றாள்.
நின்றேன்.
மூக்கு தானாக இடப்பக்கம் திரும்பிக்கொண்டது.
கழற்றிக் கொடுத்தபோது
துணி இன்னும் சூடாக இருந்தது.