ஆறாவது நிலையம்

ஆறு வருஷமாக ஒரே ஓட்டம்.
தூல் ஆற்றங்கரை, பாலம் வரை, திரும்பல்.
கால்களுக்கு வழி மனப்பாடம்,
நான் சும்மா கூடப் போய் வந்தேன்.

நவம்பரில் உலான்பாத்தர்
நிலக்கரிப் புகையை இழுத்துப் போர்த்திக்கொண்டது.
எதிர்க் கட்டடம் காணாமல் போய்
அதன் ஜன்னல்கள் மட்டும்
மஞ்சளாகத் தொங்கின.
மைனஸ் இருபத்தெட்டு.
மூச்சை இழுத்தால்
யார் வீட்டு அடுப்போ உள்ளே வந்தது.

ஆகவே கூடம்.
மேசையைச் சுவரோடு தள்ளினேன்.
ரயில்வேயில் கால அட்டவணை எழுதுகிறவள்,
பழக்கம் விடுமா?
தரையில் ஒட்டுத்தாள் ஒட்டி
எட்டு நிலையங்கள்.
நாற்பது நொடி உழைப்பு,
இருபது நொடி மன்னிப்பு,
கடைசி நிலையத்திலிருந்து மறுபடி முதலுக்கு,
மூன்று சுற்று.

சோய்ரில் தண்டால்.
சாயின்ஷாண்டில் பஸ்கி.
ஸாமின்-உத், எல்லை ஊர்,
அங்கே பலகைபோல் கிடந்து
சோபாவுக்கு அடியில் பார்த்தேன்:
தெமூலேன் தொலைத்த கையுறை,
இரண்டு பைன் கொட்டை,
போன கோடையின் தூசி.

முதல் வாரம்
மாடிப்படிக்குக் கைப்பிடி எதற்கென்று புரிந்தது.
ஆறு வருஷம் ஓடிய உடம்பில்
ஒருநாளும் கூப்பிடாத இடங்கள் இத்தனையா?
விலா ஓரம், தோளின் பின்பக்கம்,
பெயர் தெரியாத ஒன்று முழங்காலுக்கு மேலே.
எல்லாம் ஒரே சமயத்தில்
பதில் சொல்லின.

இரண்டாம் வாரம் கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு தாஷ்ஞாம்,
இரவுப் பேருந்து ஓட்டி விடியலில் படுப்பவர்,
காலுறையோடு நின்றார்.
"எல்லாம் பொறுத்துக்கொள்வேன்.
அந்த ஆறாவது வரும்போது மட்டும்
என் விளக்கு ஆடுகிறது.
அது என்ன?"

எண்ணியிருக்கிறார் மனிதர்.
குதித்துக் காட்டினேன்.
தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார்.
"அந்த நிறுத்தம் வேண்டாம்" என்றார்,
பயணி ஏறாத ஊரைப் பற்றிப் பேசுவதுபோல.

குதியை எடுத்துவிட்டு
மாவு மூட்டையை வைத்தேன், பத்துக் கிலோ.
இடுப்பிலிருந்து தோள்,
தோளிலிருந்து தலைக்கு மேல்.
முதல் நாள் ஏழு முறை.
மூட்டையின் தையல் வழியே
நெற்றியில் வெள்ளையாகக் கொட்டியது.

ஜனவரியில் பன்னிரண்டு.
பிறகு பதினைந்து.
ஒருநாள் பத்தொன்பது,
கை நடுங்கவே இல்லை.
அலுவலகத்தில் கோப்பு அலமாரியை
ஒற்றை ஆளாக நகர்த்தப் போய்
ஒரு அங்குலம்கூட அசையவில்லை.
அலமாரியைத்தான் சந்தேகப்பட்டேன்.

அன்று இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
கூடத்தில் விளக்கு.
ஆறாவது நிலையத்தின் முன் மண்டியிட்டு
தோமர்ஹுயாக், என் கணவன்,
கிண்ணத்தில் மாவு அள்ளிக்கொண்டிருந்தான்.
"சமையலறை மூட்டை தீர்ந்து பத்து நாளாச்சு.
வெள்ளை மாதத்துக்கு
இன்னும் நானூறு பூஸ் மடிக்கணுமே."

தராசில் வைத்தேன்.
நான்கு கிலோ எழுநூறு.

கோபமா சிரிப்பா என்று
முடிவெடுக்க நேரமில்லை.
அவன் மாவைத் திரட்டித் தேய்க்க,
நான் ஆட்டிறைச்சி வைத்து ஓரங்களைக் கிள்ளினேன்.
நாற்பது நொடிக்கு மூன்று.
மன்னிப்பு இருபது நொடியைக் காணோம்.
இரண்டு மணிக்கு
கட்டைவிரல் அடியில் புதிதாக ஒரு வலி.
சரி, ஒன்பதாவது நிலையம்.

பால்கனியில் பூஸ்கள் கல்லாய் உறைந்தன.
ஒரு பையில் கட்டித் தூக்கிப் பார்த்தேன்.
பதிமூன்று கிலோ,
உள்ளே கூழாங்கற்கள் உருளும் ஓசை.
எட்டு முறைதான் முடிந்தது.
இந்த எட்டு என்னுடையது.

பண்டிகை அன்று
தாஷ்ஞாம் புதிய தேல் அணிந்து வந்தார்,
நீல மூக்குப்பொடிக் குப்பியை
இரு கையாலும் நீட்டினார்.
ஆவி பறக்கும் தட்டை அவர் பக்கம் நகர்த்தினோம்.
சாறு சிந்தாமல் கடித்து,
மெல்ல மென்று, எண்ணி,
ஒன்றை உயர்த்திப் பிடித்துக் கேட்டார்:
"இதுதானா அந்த ஆறாவது?"

சாப்பிட்டார்.
விளக்கை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.
ஏழாவதை எடுத்துக்கொண்டார்.