தூன் நகரத்துக்கான திருத்தம்

மார்கழியில் ராகுவுக்கு இங்கே
ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல்தான் வேலை.
பகலே எட்டரை மணி நேரம்,
எட்டாய்ப் பிரித்தால் வேறென்ன வரும்.
ஆனியில் இரண்டு மணி நேரம்
முழுசாய் எடுத்துக்கொள்வார்.

யாழ்ப்பாணத்து ஒன்றரையை
அப்படியே சுவரில் தொங்கவிட்டிருந்தது கோயில்.
நான்தான் திருத்தினேன்.
பகலில் தூன் பேருந்துகளுக்கு நேரம் எழுதுகிறவள்
இரவில் கோள்களுக்கும் எழுதினேன்:
அட்சரேகை நாற்பத்தாறே முக்கால்.

"ராகுவைக் குறைச்சுப் போட்டீங்கள் பிள்ளை,
நன்மையோ தீமையோ?"
பொருளாளர் தவக்குலசிங்கம் கேட்டார்.
சாய்வு, என்றேன். பூமியின்ர சாய்வு.
அவர் தன் கதிரையைச் சரிபார்த்துக்கொண்டார்.

ஆடி அமாவாசையில் கிரகணம்.
பாதிக்கு மேல் கடிபட்ட சூரியன்
விடுபடாமலே மறையும்.
பஞ்சாங்கத்தில் அதற்கொரு சொல் உண்டு:
கிரஸ்தாஸ்தமனம்.
நாவில் புரளாத அந்த ஒரு சொல்லுக்காக
எத்தனை பேர் எத்தனை மாலைகள்
மேற்கே பார்த்து நின்றிருப்பார்கள்.

கோயில் கதவைச் சாத்தித்
திறப்பை என்னிடம் தந்தார்கள்.
அதே நேரம் மேட்டுப் பள்ளிக்கூடம்
மொட்டைமாடிக் கதவைத் திறந்தது.
பௌதிக ஆசிரியை ஏபர்சோல்ட்டின்
தொலைநோக்கிக்கு நீண்ட வரிசை.
இடியப்பம் அவிக்கும் துளைத்தட்டைக்
கொண்டு போயிருந்தேன் நான்.
வெள்ளைச் சுவருக்கு மூன்று எட்டுத் தள்ளிப் பிடித்தேன்.
துளைக்கொரு பிறைச் சூரியன்.
நாற்பது, நாற்பத்தொன்று,
எண்ணி முடியுமுன் மலை விழுங்கிவிட்டது.
வரிசையில் நின்ற பையன் ஒருவன்
தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான்.

விட்டதை ஒருவரும் காணவில்லை.
விட்ட சூரியனைக் கண்டுதான் உண்பது என்று விதி.
மறுநாள் ஆறு இருபத்தைந்து,
கோயில் வாகனத் தரிப்பிடத்தில்
பட்டினியாய்த் தவக்குலசிங்கம்.

"உதிச்சிட்டுது ஐயா, சாப்பிடுங்கோ."
"எங்கை?"
"மலைக்குப் பின்னாலை."
"அது உங்கட கணக்குச் சூரியன் பிள்ளை.
எனக்குக் காணவேணும்."

அட்டவணையில் நான்
மலையைச் சேர்க்கவில்லை.

முதல் பேருந்து, என் நேரத்துக்கு
இரண்டு நிமிடம் பிந்தி, வந்து போனது.
கிழக்கு முகடு ஓரிடத்தில் மட்டும்
வெளுத்துக்கொண்டிருந்தது.
அவருடைய வயிறு இரைந்தது எனக்குக் கேட்டது.
நான் பேனாவின் மூடியைக் கழற்றி
கையிலேயே வைத்திருந்தேன்.