ஓரசை உபரி

"இந்த வாரம் இது நாலாவது காகம்",
பெரம்பூரிலிருந்து சிவப்பு மையில் ஒரு கார்டு.
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் விரல்விட்டு எண்ணியிருக்கிறார்:
இரண்டாம் வரியில் ஓரசை உபரி.
எண்ணூர்க்காரர் பனித்துளியை நம்பவில்லை.
எங்க செம்பருத்தி மேல காலையில சாம்பல்தான் சார்.

புதன்கிழமை நகைக்கடை விளம்பரம்
மூன்று வரியையும் தின்றுவிட்டது.

மதியம் ராயபுரத்திலிருந்து போன்,
ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதும் பிலவேந்திரன்.
"இன்னிக்கு ஏன் வரல?
உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பிடித்துத்தான் படிக்கிறீர்களா என்றேன்.

"பாதி புரியாது சார்.
லோடு வண்டி வர்ற வரைக்கும்
அந்த எடத்தைப் பார்த்துட்டு உக்காந்திருப்பேன்.
இன்னிக்கு அங்க வளையல் இருக்கு."

அவர் பின்னால்
யாரோ ஐஸ்கட்டி உடைக்கும் சத்தம்.
நாளைய கடைசி வரிக்கு
அதை எடுத்துக்கொண்டேன்.
எண்ணிப் பார்த்தேன், ஓரசை கூடுகிறது.

கூடட்டும்.