ஆறுக்கு முப்பது

இடக்காது போன ஆவணியோடு போயிற்று.
வலக்காது பாதி.
மருத்துவர் கொடுத்த கருவியை மாட்டினால்
வயலின், தகரக் கூரையில் ஆணி இழுக்கிறது.
சரி, கண்ணுக்கு வாங்குவோம் என்று
பஸ் ஏறினேன்.

கடலூர் ஓ.டி.யில் துறைமுகத்துக்குப் போகிற வழியில்
நைலான் கயிறும் மிதவையும் ஜிபிஎஸ்ஸும் விற்கிறது
நெய்னா மரைக்காயர் கடை.
எந்த போட்டுக்கும்மா, என்றார்.
கச்சேரிக்கு, என்றேன்.
எதுக்கு?
கச்சேரிக்கு.
இரண்டு பேரும் கத்திக்கொண்டதில்
ஐஸ் பெட்டி தூக்கிப் போனவர் நின்று பார்த்தார்.

முதலில் பத்துக்கு ஐம்பது.
வாசலில் நின்று உப்பனாற்றைப் பார்த்தேன்.
விசைப்படகு மேல்தளத்தில் ஒருவன்
கைப்பேசியில் யாரையோ திட்டுகிறான்.
உதட்டிலிருந்து ஒரு சொல் தப்பவில்லை,
எழுதக் கூடாத சொற்கள்.
ஆனால் என் நாடி துடிக்கத் துடிக்க
அவனும் துள்ளினான்.
பத்துன்னா அப்படித்தான், என்றார் மரைக்காயர்,
கை நடுக்கத்தையும் சேத்துப் பெருக்கும்.

அடுத்தது ஏழுக்கு ஐம்பது.
விடிகாலை இருட்டிலும் கரை தெரியுமாம்.
தெரியட்டும். ஒரு கிலோ.
வர்ணம் முடிவதற்குள் தோள் இறங்கிவிடும்.

மூன்றாவதை அவர் காட்டவில்லை.
கண்ணாடி அலமாரியின் மூலையில்
சங்குக்கும் திசைகாட்டிக்கும் நடுவே கிடந்தது.
சின்னதும்மா, ஆறுக்கு முப்பது,
யாரோ பையனுக்கு வாங்கிட்டுத் திருப்பிட்டாங்க.
முப்பத்தோரு வருஷம் கூட்டுறவு வங்கியில்
வட்டி போட்டவள் நான்.
முப்பதை ஆறால் வகுத்தால் ஐந்து.
ஐம்பதைப் பத்தால் வகுத்தாலும் ஐந்துதான்.
கண்மணிக்குள் விழும் வெளிச்சம் ஒன்றே,
எதற்கு அரைக் கிலோ கூடச் சுமக்க?

ரப்பர் விளிம்பை மடித்தால்
மூக்குக்கண்ணாடியோடு பார்க்கலாம்.
வலக்கண்ணுக்கென்று தனித் திருகு ஒன்று.
காதுக்கு இப்படி ஒன்று வைக்க
யாருக்கும் தோன்றவில்லை.

மஞ்சக்குப்பத்து அரங்கில்
கடைசிக்கு முந்தின வரிசை, இருநூறு ரூபாய்.
பத்தில் பார்த்திருந்தால்
பாடகியின் மூக்குத்திக் கல் மட்டும் வந்திருக்கும்.
ஆறில் நாலு பேரும் வந்தார்கள்.
எனக்கு வேண்டியது அதுதான்:
யார் யாரைப் பார்க்கிறார்கள்.

அவள் வாய் மூடுமுன்
வயலின்காரர் வில்லைத் தூக்கிவிட்டார்.
பல்லவியில் ஒன்றரை இடம் தள்ளி எடுப்பு.
அவள் சுண்டுவிரல் தொடையில் இறங்க
என் சுண்டுவிரலும் இறங்கியது.
கடக்காரர் ஒரு தட்டு விட்டார்.
மிருதங்கக்காரரின் புருவம் அதைக் குறித்துக்கொண்டது.
தம்புராப் பெண்
வாயைத் திறக்காமலே கொட்டாவி விட்டாள்,
பெரிய வித்தை அது.

பக்கத்து நாற்காலி அம்மாள் தோளைத் தட்டினார்:
முன் வரிசையில் கலெக்டர் வீட்டம்மாவா பாருங்க.
கொடுத்தேன்.
தனி ஆவர்த்தனம் முழுக்க அவரிடமே இருந்தது.
மேடை நாலு தீக்குச்சித் தலைகளாகிவிட
சும்மா உட்கார்ந்திருந்தேன்.
அப்போது நாற்காலியின் இரும்பில்
தொப்பியின் கும்கி ஏறி
முதுகுக்கு வந்தது.
ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று.
இதை மரைக்காயர் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது வாரில் அவர் வியர்வை.
திருகு மாறிப்போயிருந்தது.
நான் சரிசெய்துகொண்டிருக்கையில்
மேடையில் ஏதோ கோளாறு,
மைக்கைத் தட்டுகிறாள்.
தலைகள் பின்பக்கம் திரும்புகின்றன,
ஒலிப்பெட்டிக்காரனைத் தேடி.
அவளும் பின்னால்தான் பார்க்கிறாள்,
நேராக, ஏறக்குறைய என்னை.
மங்கல் விலகி உதடு கூர்மையாயிற்று.

கேக்குதா?
பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்குதா?

எனக்கு முன்னால் ஒருவரும் அசையவில்லை.
ஒரு கையில் ஆறுக்கு முப்பதைப் பிடித்தபடி
மற்றதைத் தூக்கினேன்.
கேக்குதும்மா.