ஏழடிக்கு நான்கு அங்குலம் குறைவு

மூன்றாவது மாடி, ஆறாம் எண் ஜன்னல்.
டகோமாவின் மழை கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் நான்.
எதிரே, குப்பைப் பையில் சுற்றிய வரைபடச் சுருளோடு
லோர்னா விஸ்நெவ்ஸ்கி,
நான்காவது முறையாக.

அவள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.
வீட்டுக்குப் பின்னால், பழைய கார் கொட்டகை நின்ற இடத்தில்
நானூற்று இருபது சதுர அடி.
ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு குளியலறை.
கப்பல் பட்டறையில் முதுகெலும்பைக் கொடுத்துவிட்டு வந்த
தம்பி வெண்டலுக்கு.
இப்போதைக்கு அவன் அவள் வாசலில்
ஒரு வேனுக்குள் தூங்குகிறான்.
வேனுக்கு எண் உண்டு, காப்பீடு உண்டு,
முகவரி கிடையாது.

முதல் முறை, வேலியிலிருந்து ஐந்தடி விடச் சொன்னேன்.
நான்கடி எட்டங்குலம் விட்டிருந்தாள்.
சுவரை நகர்த்தி வரைந்து வந்தாள்;
நகர்ந்த சுவர் போய் ஓக் மரத்தின் வேர்மேல் நின்றது.
மரத்துக்குச் சட்டம் இருக்கிறது.
வெண்டலுக்கு இன்னும் எழுதவில்லை.
மூன்றாம் முறை சாக்கடை.
நூறு வயதுச் சுட்டமண் குழாய்,
இன்னொருவர் அழுக்கைத் தாங்காது என்று
உள்ளே போன கேமரா சாட்சி சொன்னது.
தெருவைத் தோண்டிப் புதிதாகப் போட
இருபத்தெட்டாயிரம் டாலர்.
வங்கியில் சொன்னார்களாம்:
கட்டாத வீட்டை ஈடாக வைக்க முடியாது,
கட்டிய வீட்டின்மேல் ஏற்கனவே நாங்கள்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

இதற்கு நடுவே பக்கத்து வீட்டு க்ளென் ஹூக்ஸ்ட்ராவின் கடிதம்,
மூன்று பக்கம்.
தக்காளிப் பாத்தியில் நிழல் விழும்,
கார் நிறுத்த இடம் போகும்,
தெருவின் குணம் கெடும்.
தெருவுக்கு என்ன குணம் என்று பார்க்க
ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன்.
ஒரு நாய் குரைத்தது.
இலை ஊதும் இயந்திரத்தை யாரோ நிறுத்தவே இல்லை.
வேனின் ஜன்னலில், உள்ளிருந்து ஒட்டிய அட்டை.

பின்வீடு கட்டிக்கொள்ளலாம் என்று
தலைநகரில் கை தூக்கிச் சட்டம் போட்டாயிற்று.
சாமி வரம் கொடுத்துவிட்டது.
பூசாரி நான்.
என்னிடம் இருப்பது ஒரு சிவப்புப் பேனா.

"நீங்க எங்க குடியிருக்கீங்க?"
இன்று திடீரென்று கேட்டாள்.
"வடக்குப் பக்கம்" என்றேன்.
பொய்யில்லை.
வடக்குப் பக்கம், சரிவில்,
வேறொருவர் வீட்டின் நிலவறை.
எந்தக் கோப்பிலும் இல்லாத அறை.
வாடகை ரொக்கமாக,
கடிதங்கள் அலுவலகத்துக்கு.
மேலே சலவை இயந்திரம் சுழலும்போது
என் கட்டில் மெல்ல நடக்கிறது.
ஜன்னல், பூனை போகும் அளவு.
ஜன்னல் இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதி எழுதியவர்
எங்கோ புகையை முகர்ந்தவர்; எனக்குத் தெரியும்.
விதி தப்பென்றால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நான்காவது வரைபடத்தில்
வேலி சரி, வேர் சரி, குழாய்க்குக் கடன் வாங்கிவிட்டாள்.
உள்ளே கூரை உயரம் மட்டும் ஆறடி எட்டங்குலம்.
ஹூக்ஸ்ட்ராவின் தக்காளிக்காகக் குறைத்திருக்கிறாள்.
ஏழடிக்கு நான்கு அங்குலம் குறைவு.
அளவுகோலே வேண்டாம், அந்த உயரம் எனக்குத் தெரியும்;
தினமும் என் உச்சந்தலை அதை அளக்கிறது.

"தரையைக் கொஞ்சம் தாழ்த்தலாமே" என்றேன்.
"தோண்டினா வேர்" என்றாள்.
இருவரும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
"வெண்டல் அஞ்சடி நாலுதான்" என்றாள் பிறகு,
யாரிடமோ சொல்வதுபோல.

நான் ஆறடி ஒன்று.
சொல்லவில்லை.
பேனாவின் மூடியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
பின்னால் எழுபத்தோராம் எண்காரர் செருமினார்.
திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும் என்று எழுதினேன்.
கை நடுங்கவில்லை. நடுங்கியிருக்கலாம்.
அவள் சுருளைக் குப்பைப் பைக்குள் செருகி
வாயைச் சுருட்டி மடித்தாள், மழை படாமல்.

ஐந்தரை மணிக்கு
என் வீட்டுப் படியில் இறங்கினேன்,
குனிந்து.