கடல்மேல்

மூன்றாம் நாள் விழித்தவன்
முதலில் தேடியது காலணிகளை.
ஹால்வர். தச்சன். பத்தொன்பது வயது.
சான் பிரான்சிஸ்கோவில், மடாக்கின் விடுதியில்
ஒரு கோப்பை விஸ்கி;
அதில் எத்தனை சொட்டு அபினோ,
அதற்குமேல் நினைவிருப்பது
படிக்கட்டு மட்டும்.
கப்பல் ஏட்டில் அவன் பெயருக்கு நேரே
யாரோ கிறுக்கிய பெருக்கல் குறி.
இரண்டு மாதச் சம்பளம் முன்பணம்,
மடாக்கின் சட்டைப்பையில்.

"உன்னை ஷாங்காய் பண்ணிட்டாங்கடா"
என்று சிரித்தான் பாய் கட்டுகிறவன்.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த
என் கத்தி நின்றது.
நான் ஷாங்காய்க்காரன்,
மீன்சந்தைக்குப் பின்னால் ஆறாவது வீடு.
இந்தக் கப்பல் அங்கே போகவே இல்லை,
கோதுமையோடு லிவர்பூல் போகிறது.
என் ஊர்ப் பெயரைப்
பெயர்த்தெடுத்து வினைச்சொல்லாக்கி
இவன் முதுகில் கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் துறையிலும் ஆள்பிடிப்பவர்கள் உண்டு.
அதற்கு நாங்கள் எந்த ஊரையும் இழுப்பதில்லை;
பன்றிக்குட்டி விற்பது என்போம்.
என் அண்ணனை அப்படித்தான்
பெருவுக்கு விற்றார்கள்.
அதை இவனிடம் சொல்லவில்லை.

இரவு, வாந்தி வாளியைக் கட்டிக்கொண்டே கேட்டான்:
"உன் ஊருக்கு என்ன அர்த்தம்?"
மாவு சிந்திய பலகையில்
விரலால் எழுதிக் காட்டினேன்.
ஷாங், மேல்.
ஹாய், கடல்.

நாலு பக்கமும் பார்த்தான்.
"சரியாத்தானே சொல்லியிருக்காங்க."

எனக்குக் கோபம் வந்தது.
கொஞ்ச நேரம்தான்.
பிறகு என் பழைய செருப்பை
அவன் பக்கம் தள்ளினேன்.
காலை நுழைத்துப் பார்த்தான்.
குதிகால் வெளியே நின்றது.