பதினோராவது கட்டம்

கலெக்டர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை நிழலில் என் மேசை.
அதற்கு ஒரு கால் குட்டை.
அடியில் மடித்து வைத்திருப்பது
யாருக்கோ திரும்பி வந்த மனு.

உசிலம்பட்டிக்கு மேற்கே இருந்து
முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள்
மொக்கராசும் அவர் மனைவி தவமணியும்.
அவள் கையில் சாவிக் கொத்து.
வீட்டுக்கு ஒரே பூட்டுத்தானாம்.
மற்ற ஆறும் இரும்புக்காக,
ரோட்டில் விழுந்தால் அவர் உள்ளங்கையில் திணிக்க.

உறைக்குள் உறை, அதற்குள் இன்னொரு உறை,
கடைசியில் பட்டாளத்துக் கடிதம்:
படைப்பணியால் வந்த நோய் அல்ல.
படைப்பணியால் கூடிய நோயும் அல்ல.
சேரும்போது மறைக்கப்பட்டது.

"மறைக்கலண்ணே.
எட்டு வயசுல, மாசிக் களரியில,
உறுமி அடிக்கவும் விழுந்தேன். வாயெல்லாம் நுரை.
ஊரே கையெடுத்துக் கும்பிட்டுச்சு.
துன்னூறு பூசி மால போட்டாக.
அப்பறமும் ரெண்டு தடவ.
சாமி வந்ததப் போயி
நோய்க் கட்டத்துல எழுதுவாகளா?"

பட்டாளத்தில் பன்னிரண்டு வருஷம்
அந்தச் சாமி வரவில்லை.
வந்தது லடாக்கில்,
பதினேழாயிரம் அடியில், ராத்திரிக் காவலில்,
நாலாம் நாளும் தூக்கமில்லாமல் நின்றபோது.
துப்பாக்கியோடு சாய்ந்தவரைத்
தூக்கி வந்தவர்களில் ஒருவரும் கும்பிடவில்லை.

புனே ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்:
எப்போதிருந்து?
மொக்கராசுக்குத் தெரிந்த இந்தி
கேன்டீனுக்கும் காவலுக்கும் போதும்.
தேடித் தேடி ஒரு சொல் எடுத்துக் கொடுத்தார்:
பச்பன்.
சின்ன வயசு.
டாக்டர் அதை மட்டும் எழுதிக்கொண்டார்.
பென்ஷனுக்கு மூன்று வருஷம் இருக்கையில்
வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தகவல் உரிமையில் வாங்கிய நகல் ஒன்றும் இருந்தது.
ரேஸ்கோர்ஸ் மைதானத்தில்
ஆள் எடுத்த நாளின் படிவம்.
காக்காவலிப்பு உண்டா? நோ.
காதில் சீழ்? நோ.
மாலைக்கண்? நோ.
பதிமூன்று கேள்வி, பதிமூன்று நோ.
(நம் பாஷையில் நோ என்றால் வலி.)
ஒவ்வொன்றிலும் வட்டம் மூடாமல்
மேலே ஒரு வாய் திறந்திருக்கிறது.

அது என் கை.

அந்த வருஷம் நான் ஹவில்தார் கிளார்க்.
விடியுமுன்னே ஓடி முடித்து,
புழுதியும் வியர்வையுமாய் நாலாயிரம் பையன்கள்.
ஒருத்தனுக்கும் கேள்வியை வாசித்துக் காட்டவில்லை.
வாசித்தால் பொழுது போய்விடும்.
வாசித்தால் சிலர் யோசிப்பார்கள்.
யோசித்தவனை வெளியே அனுப்ப வேண்டும்.
"கையெழுத்தப் போடுறா. அடுத்தவன்!"
இரக்கம் என்றுதான் நினைத்தேன்.
சாப்பாட்டு மணியும் அடித்திருந்தது.

மொக்கராசு நகலை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.
"எழுதுனவரு யாரோ புண்ணியவான்.
கேட்டிருந்தாருன்னா உளறியிருப்பேன்.
தங்கச்சி கல்யாணம், வீட்டுக்கு ஓடு,
எல்லாம் அந்தப் பன்னெண்டு வருசந்தானே."

தவமணி பார்த்துக்கொண்டிருந்தது
நகலை அல்ல, என் பேனாவை.

மேல்முறையீடு எழுதத் தொடங்கினேன்.
மனுதாரர் எதையும் மறைக்கவில்லை.
அவரிடம் எதுவும் கேட்கப்படவில்லை.
அடுத்த வரியில் கை நின்றது.
உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள்.

படிவத்தில் பதினோராவது கட்டம்:
நிரப்ப உதவியவர் பெயர், விலாசம்.
இத்தனை வருஷம், இத்தனை மனுக்களில்,
அங்கே ஒரு கோடு இழுத்துத்தான் பழக்கம்.

டீ வந்தது. ஏடு படிந்தது.
மொக்கராசு இருபது ரூபாய்த் தாள் ஒன்றை வைத்து
காற்றில் பறக்காமல் இருக்க
அதன்மேல் சாவிக் கொத்தை வைத்தார்.

என் பெயரை எழுதினேன்.
பழைய பட்டாளத்து எண்ணையும் எழுதினேன்.
அதில் இரண்டு பூஜ்யம்.
இரண்டும் மூடவில்லை.